பங்குனியில் போனால் திருப்பி அனுப்பும் உரக்கடை

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் சந்தைப் பக்கம் இருக்கிற அந்த உரக்கடையில் ரப்பர் தோட்டங்களுக்கு மண் பரிசோதனையும் இலைப் பரிசோதனையும் செய்து தருகிறார்கள். போன பருவத்தில் எங்கள் விளைக்கு, அதாவது எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு, செய்தேன். எப்படி இருந்தது என்று அருமனையிலிருந்தும் கடையாலிலிருந்தும் தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். மதிப்பெண் கேட்பவர்களுக்காக: சேவைக்கு ஐந்துக்கு நான்கு. அறிக்கை எழுதப்பட்டிருக்கும் விதத்துக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் காகிதம் நன்றாக இருந்ததற்காக. கடையின் பெயரைப் போடவில்லை. போடட்டுமா என்று கேட்டபோது, "வேண்டாம் டீச்சரே, இருக்கிற கூட்டத்துக்கே இலை பறிக்க ஆள் போதவில்லை" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பேச்சிப்பாறைக்குப் போகும் சாலையில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

நான் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். எங்களுக்கு 250 சென்ட் ரப்பர் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். எல்லாம் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105. கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ரகம். எங்கள் பக்கத்தில் 'நூற்றைந்து' என்றாலே போதும். பால் நிறையத் தரும். பட்டை மரப்பும் அதற்கு அதிகம். மரம் ஒருநாள் பட்டையில் பால் வருவதை நிறுத்திவிட்டால் வீட்டில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சுத்தான். அந்தப் பயத்தை வைத்துத்தான் உரக்கடைகள் பாதி வியாபாரம் செய்கின்றன. பொட்டாஷ், அதாவது சாம்பல்சத்து உரம், கூடுதலாகப் போட்டால் பட்டை மரக்காது என்று சொல்லாத கடையை நான் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை பார்த்ததில்லை. பட்டை மரப்புக்கு உரக்குறைவுதான் காரணம் என்று அறுதியாக யாரும் நிறுவியதில்லை. ஆனாலும் மூட்டை விற்கிறது.

இந்தக் கடை எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம், என்னிடம் பணம் வாங்க மறுத்தது. பங்குனியில் போனேன். கடைக்காரரின் மகள் வேளாண்மை படித்தவள். பரிசோதனை விஷயம் முழுவதும் அவள் பொறுப்பு. எழுந்து நின்று பேசினாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "டீச்சர், மரம் இப்போதுதான் துளிர்த்து இலை முற்றிக்கொண்டிருக்கிறது. இந்த இலையை வைத்து நான் எது சொன்னாலும் உங்களுக்கு உதவாது. ஆவணி பாதி கழியட்டும், ஆளை அனுப்புகிறேன்." முன்பணமாவது வாங்கிக்கொள் என்றேன். அதையும் வாங்கவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்த மதிப்புரையே வீண்.

ரப்பர் மரத்தின் இலையில் இருக்கும் சத்து வருடம் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் இலை பழுத்து உதிர்கிறது. உதிரப்போகும் இலையிலிருந்து மரம் எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துக்கொள்கிறது: தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் இலைக்காம்பு வழியாகக் கிளைக்கும் பட்டைக்கும் திரும்பிப் போகின்றன. சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) அப்படி நகராது. இலையோடு கிடந்து இலையோடு விழும். பிறகு செம்பு நிறத்தில் தொங்குமே அந்தத் தளிர், அதை மரம் வளர்ப்பது மண்ணிலிருந்து வருவதைக் கொண்டு மட்டும் அல்ல. பத்திரப்படுத்திய சத்தையும் செலவழித்துத்தான். அதனால் தளிரின் உலர் எடையில் தழை, மணி, சாம்பல் மூன்றும் மிகுந்திருக்கும், சுண்ணாம்பு குறைந்திருக்கும். இலை முற்ற முற்ற நாரும் மாவும் சேர்ந்து எடை கூடுவதால் முதல் மூன்றின் விகிதம் இறங்கும். சுண்ணாம்பும் மாங்கனீசும் இலைக்கு வயது ஏறும்போது கூடவே ஏறும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே மரம், அதே மண். மாசியில் இலை பறித்தால் மூன்று சத்தும் ஏராளம், சுண்ணாம்பு பஞ்சம். மார்கழியில் பழுத்த இலையைப் பறித்தால் மூன்று சத்தும் பஞ்சம். இரண்டு அறிக்கையும் ஆய்வுக்கூடத்தைப் பொறுத்தவரை பொய் இல்லை; கருவி காட்டியதைத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் ஒப்பிடும் அளவுகோல் முற்றிய, பழுக்காத இலைக்கு உரியது. அந்த அளவுகோலைத் தளிர்மேலோ சருகின்மேலோ வைத்தால் கிடைப்பது உரப்பட்டியல் அல்ல, ஆரூடம்.

இது எனக்குக் கற்பனை இல்லை. சில வருடங்களுக்கு முன் வேறொரு ஆய்வுக்கூடத்தின் ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். பெயர் வேண்டாம். மாசி மாதம். கைக்கு எட்டிய கிளையில் பளபளவென்று தொங்கிய இலையாகப் பார்த்துப் பறித்துப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு போனார்கள். அறிக்கை வண்ணமயமாக வந்தது: தழை, மணி, சாம்பல் எல்லாம் 'மிகுதி' என்று பச்சைக் கட்டத்தில், சுண்ணாம்புச்சத்து 'கடும் குறைவு' என்று சிவப்பில். கீழே சுண்ணாம்பு எத்தனை மூட்டை, யாரிடம் வாங்கலாம் என்ற விவரம். எங்கள் விளையில் பால் வெட்டும் அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரப்பருக்குப் புளித்த மண்தானே டீச்சரே ஆகும், வெள்ளையடிக்கவா போகிறோம்?" என்று கேட்டார். அமில மண்ணைத்தான் அப்படிச் சொன்னார்; சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறிக்கும். அத்தோடு அந்தக் காகிதம் அலமாரிக்குப் போனது. வெள்ளறடைப் பக்கம் இருக்கும் என் அத்தானுக்கு அதே ஆட்கள் மார்கழியில் பறித்துக்கொடுத்த அறிக்கையில் எல்லாமே சிவப்பு. அவர் பாவம், எல்லாவற்றையும் வாங்கினார்.

சரி, ஆவணிக்கு வருகிறேன். ரப்பருக்கு இலை எடுக்க ஏற்ற காலம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. இலை முற்றி, சத்தின் அளவு ஓரளவு நிலைகொண்டிருக்கும் காலம் அதுதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆனி, ஆடி மழையில் எங்கள் பக்கம் பச்சை இலையே கொத்துக் கொத்தாகக் கொட்டும். பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்தான் காரணம். பழுத்து உதிர்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பச்சையாக விழும் இலையிலிருந்து மரத்துக்கு எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. சத்து அப்படியே தரைக்குப் போகிறது. தரையில் மட்கி மண்ணுக்குத்தானே வரும் என்பீர்கள். வரும், மழை விட்டு வைத்தால். சரிவில் இருக்கும் விளையில் அந்த மழை தழைச்சத்தையும் பொட்டாஷையும் கரைத்து இழுத்துக்கொண்டு கோதையாற்றுக்குப் போய்விடும்.

அதனால் அந்தப் பெண்ணின் படிவத்தில் முதல் பக்கம் முழுக்கக் கேள்விகள். என்ன ரகம், எந்த வருடம் நட்டது, பால் வெட்டு ஒருநாள் விட்டு ஒருநாளா, மூன்று நாளுக்கு ஒருமுறையா, மழைக்காப்புப் பிளாஸ்டிக் போட்டிருக்கிறதா, மழைக்கு முன் செம்பு மருந்து அடித்தீர்களா, பச்சை இலை எவ்வளவு விழுந்தது, கடைசியாக உரம் வைத்தது எப்போது. உரம் வைத்துச் சில நாட்களே ஆகியிருந்தால் ஆளை அனுப்ப மாட்டாள், தள்ளிவைத்துவிடுவாள். படிவத்தை நான் ஒரு ஆசிரியையின் கண்ணோடு பார்த்தேன். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் தயாரித்தது.

இலை பறிக்க வந்த பையன் காலையில் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டான். நீளத் துறட்டி, காகித உறைகள், ஈரத்துணி, ஒரு நோட்டு. வந்ததும் மரத்தின் உச்சியைப் பார்க்கவில்லை; தாழ்ந்து நிழலுக்குள் இருக்கும் கிளையைத் தேடினான். வெயில் படும் இலையும் நிழல் இலையும் ஒன்றல்ல, எல்லா மரத்திலும் ஒரே மாதிரி நிழலில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்றான். ரப்பர் கிளையில் இலைகள் அடுக்கடுக்காக இருக்கும் அல்லவா, அதில் நுனி அடுக்கைத் துறட்டியால் இழுத்து, கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். பூச்சி அரித்தது, புள்ளி விழுந்தது, ஓரம் கருகியது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நல்ல இலையாகக் காம்போடு கிள்ளினான். ஈரத்துணியால் இரண்டு பக்கமும் ஒரு துடைப்பு, பிறகு உறைக்குள். அடுத்த மரத்துக்குப் போகும்போது பக்கத்து மரத்துக்குப் போகவில்லை; நான்கைந்து மரம் தள்ளி, விளையைக் கோணல்மாணலாகக் குறுக்கே நடந்தான். சாலையோர மரங்களையும், மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய மரங்களையும் தொடவே இல்லை. அந்தத் தொழுவத்து மரங்கள்தான் எங்கள் விளையிலேயே கரும்பச்சையாக நிற்பவை. அவற்றை எடுத்திருந்தால் அறிக்கை எங்கள் மாட்டைப் பற்றியதாக ஆகியிருக்கும்.

மேட்டுப் பகுதியையும் தாழ்ந்த பகுதியையும் தனித்தனி உறையில் போட்டான். இதற்கு இரண்டு கட்டணம் ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மண்ணும் அப்படியே: சருகை விலக்கி, உரம் வைத்த இடத்தைத் தவிர்த்து, ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி, பக்கச்சுவரிலிருந்து மேலிருந்து கீழாகச் சீவி எடுத்தான். பல குழி மண்ணைச் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மீண்டும் கலந்து, கடைசியில் ஒரு சிறு பைக்கு வந்தது. டீ கொடுத்தேன், குடித்துக்கொண்டே உறையின்மேல் தேதியும் பகுதியும் எழுதினான். பிளாஸ்டிக் பை ஏன் இல்லை என்று சோதிப்பதற்காகக் கேட்டேன். "வியர்த்து அழுகிவிடும் டீச்சர்" என்றான். முழு மதிப்பெண்.

மாதிரிகள் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகின்றன. இலையை உலர்த்திப் பொடித்து, அமிலத்தில் கரைத்து அளப்பார்கள். அந்த வேதியியல் எல்லாக் கூடத்திலும் ஒன்றுதான். பறிப்பதில் நேர்மை இல்லாவிட்டால் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை என்பதால்தான் பறித்த கதையை இவ்வளவு நீட்டினேன்.

முடிவுகள். ரப்பர் இலைக்கு நடுத்தர அளவு என்று எடுத்துக்கொள்வது தழைச்சத்து 3.0 முதல் 3.5 சதவீதம், மணிச்சத்து 0.20 முதல் 0.25, சாம்பல்சத்து 1.0 முதல் 1.5, மக்னீசியம் 0.20 முதல் 0.25. எங்கள் மேட்டு விளையில் தழை 3.2; குறை இல்லை. மணி 0.27, தேவைக்கு மேல். சாம்பல் 1.6, அதுவும் மேல். மக்னீசியம் 0.17, குறைவு. மண்ணிலும் மணிச்சத்து மிகுதி. தாழ்ந்த பகுதியில் மக்னீசியம் ஒட்டி ஒட்டி 0.20ஐத் தொட்டிருந்தது, மற்றவை ஏறக்குறைய அதே.

கடையில் உட்கார்ந்து அந்தப் பெண் விளக்கிய அரை மணி நேரம்தான் நான் கொடுத்த பணத்துக்கான உண்மையான பொருள். மண்ணில் மக்னீசியம் குறைவு என்பதைவிட, பொட்டாஷ் மிகுதியாக இருப்பதால் வேர் மக்னீசியத்தை எடுக்க முடியாமல் இருக்கிறது என்பதுதான் அவள் கணிப்பு. இரண்டும் வேரின் வாசலில் போட்டி போடுபவை. பட்டை மரக்காமல் இருக்க என்று ஊர் உலகமே கூட்டிக் கூட்டிப் போட்ட பொட்டாஷ் அங்கே நிற்கிறது. என் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன்: முதிர்ந்த இலையில் நரம்புகள் மட்டும் பச்சையாக, இடைவெளி மஞ்சளாக, மீன் முள் போல ஒரு கோலம். மக்னீசியக் குறைவுக்கு அதுதான் அடையாளம் என்றாள். பொட்டாஷ் குறைந்திருந்தால் மஞ்சள் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கிக் கருகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, மஞ்சளைப் பார்த்ததும் பொட்டாஷ் கொடுத்தால் நோயைத் தீனி போட்டு வளர்ப்பதாக ஆகும்.

அப்படியானால் மக்னீசியம் சல்பேட்டை அள்ளிப் போட்டுவிடலாமா என்றால், அதற்கும் ஒரு கடிவாளம் போட்டாள். ரப்பர் பாலில் இருக்கும் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பது அவற்றின் எதிர்மின்னூட்டத்தால். மக்னீசியம் கூடினால் அந்த மின்னூட்டம் தணிந்து துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பால் சிரட்டையிலேயே உறையத் தொடங்கும். பாலில் உள்ள மணிச்சத்து மக்னீசியத்தைக் கட்டிப்போடும். எனவே தனியாக மக்னீசியத்தின் அளவு அல்ல, மணிச்சத்தோடு அதற்குள்ள விகிதம்தான் கணக்கு. புதுத் தளிர் விடும் காலத்தில் பாலில் மக்னீசியம் இயல்பாகவே ஏறும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் பக்கத்து விளைக்காரர் யாரோ சொன்னார்கள் என்று வருடாவருடம் மக்னீசியம் போட்டு வந்தவர். மாசி பங்குனியில் அவருடைய பாலில் பாதி வாளிக்கு வருவதற்குள் கட்டியாகி, உறைந்த கழிவான ஒட்டுப்பால் விலைக்குத்தான் போகிறது. அவருடைய அறிக்கையையும் அவர் அனுமதியோடு பார்த்தேன்: மக்னீசியம் மேலே, மணிச்சத்து கீழே. ஒரே வேலி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேர்மாறான மருந்து. இதுவரை இரண்டு விளைக்கும் ஒரே மூட்டையைத்தான் ஒரே வண்டியில் இறக்கி வந்தோம்.

எங்களுக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். பால் வெட்டு நடக்கும் மரங்களுக்குப் பொதுவான பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் முப்பது முப்பது கிலோ. அதாவது யூரியா 65 கிலோ, ராக் பாஸ்பேட் சுமார் 150 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ. அதில் யூரியாவை மட்டும் அப்படியே, மழைக்கு முன் பாதி, புரட்டாசி கடைசியில் பாதி. ராக் பாஸ்பேட் இந்த வருடம் கிடையாது. பொட்டாஷ் பாதி. மேட்டுப் பகுதிக்கு மட்டும் மக்னீசியம் சல்பேட், ஒரு மூட்டைக்கும் குறைவாக, ஒரே ஒரு தடவை. மறு வருடம் இலை பார்க்காமல் மீண்டும் போடக் கூடாது என்று சிவப்பு மையால் அடிக்கோடு. உரம் விற்கும் கடையே 150 கிலோ சரக்கை வாங்காதே என்று எழுதிக் கொடுத்ததைக் காட்டினால் எங்கள் ஊரில் சிலர் நம்புவதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தை நான் கவனித்தேன். மகிழ்ச்சி இல்லைதான், ஆனால் வாய் திறக்கவில்லை.

இனி குறைகள். முதலில் தாமதம். புரட்டாசி தொடக்கத்தில் பறித்த இலைக்கு அறிக்கை வரும்போது ஐப்பசி பிறக்கப்போகிறது. இரண்டாம் தவணை உரத்தை வடகிழக்கு மழை வலுக்கும் முன் வைத்தாக வேண்டும். கொட்டும் மழையில் யூரியா வைப்பதும் ஓடையில் கொட்டுவதும் ஒன்று. நல்லவேளையாக மழை சில நாள் பொறுத்தது. இலை பறிக்கும் காலத்தைப் பற்றி அவ்வளவு கறாராக இருப்பவர்கள் அறிக்கை தரும் காலத்தைப் பற்றியும் அதே கறாரைக் காட்ட வேண்டும். ஆவணிக் கடைசியிலேயே பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது அந்த அறிக்கை. பாதி மலையாளம், மீதி ஆங்கிலம். கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. அந்தச் செய்தி திருவனந்தபுரத்து அச்சு இயந்திரத்துக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது. எனக்கு மலையாளம் படிக்க வரும். என் தலைமுறையில் பலருக்கு வரும். பேரப்பிள்ளைகளுக்கு வராது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையிலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கடை இருப்பது குலசேகரத்தில். தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்து இணைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டேன். செய்கிறேன் என்றாள். பார்க்கலாம்.

அளவும் அப்படித்தான். எல்லாம் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ. எனக்கு ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் என்பதால் தப்பித்தேன். 40 சென்டும் 65 சென்டும் வைத்திருப்பவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். அவர்கள் என்ன செய்வார்கள்? மரத்துக்கு எத்தனை கிராம் என்று எழுதினால் பால் வெட்டும் அண்ணன்மாரே ஒரு சிரட்டையால் அளந்து வைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, மேசைமேல் இருக்கும் அந்த நுண்சத்துப் பாட்டில். அறிக்கையில் அதற்கு ஒரு வரி இடமும் இல்லை. ஆனால் பில் போடும்போது அப்பா அதை மெல்ல நகர்த்தி நகர்த்தி நம் பக்கம் கொண்டுவருகிறார். மகள் படித்ததும் அப்பா விற்பதும் ஒரே கூரையின் கீழ் என்றால் இப்படித்தான் இருக்கும். நான் வாங்கவில்லை; நீங்களும் வாங்க வேண்டியதில்லை. வற்புறுத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கட்டணம் ஒரு பகுதிக்கு மண்ணும் இலையும் சேர்த்து 650 ரூபாய், ஆள் வந்து பறிப்பதும் அதில் அடக்கம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது இது அதிகம் என்று பட்டால், ரப்பர் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களும் மண், இலை பார்த்து உரப் பரிந்துரை தருகின்றன. அங்கே மாதிரியை நாம்தான் முறையாக எடுத்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். துறட்டி பிடித்து நிழல் கிளை தேடத் தெரிந்தவர்களுக்கு அது போதும். வாரியத்தின் மண்வள வரைபடம் இணையத்திலும் இருக்கிறது. ஆனால் அது மண்ணைத்தான் சொல்லும், உங்கள் மரம் மண்ணிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்லாது. எங்கள் மேட்டு விளை அதற்கு நல்ல சாட்சி.

தென்னைக்கும் செய்கிறார்கள், அதற்கு 14ஆவது ஓலை. தென்னை மொத்தமாக இலை உதிர்த்துத் துளிர்ப்பதில்லை என்பதால் ரப்பர் அளவுக்குப் பருவத் தகராறு இல்லை. கிராம்பு வைத்திருக்கும் மலையோரத்துக்காரர்களுக்கும் செய்து தருவீர்களா என்று கேட்டதற்கு, அதற்கான அளவுகோல் தன்னிடம் இல்லை என்று அந்தப் பெண் நேரடியாகச் சொல்லிவிட்டாள். இல்லாததை இல்லை என்று சொல்கிற கடை எங்கள் சந்தையில் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இன்னும் பால் வெட்டுக்கு வராத இளங்கன்று வைத்திருப்பவர்கள் இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம். அவர்களுக்கு வயதுவாரியான பொதுப் பரிந்துரை இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் மரத்தை மறுநடவுக்கு வெட்டப்போகிறவர்களுக்கும் இது வீண்செலவு. நடுவில் இருப்பவர்கள், முக்கியமாக வருடாவருடம் ஒரே கலவை மூட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குகிறவர்கள், கட்டாயம் செய்யுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்று அவளே சொல்கிறாள். எங்களுக்கு மட்டும் மக்னீசியம் போட்டதால் மேட்டுப் பகுதிக்கு இந்த ஆவணியிலும் இலை பார்க்க வேண்டும். மண் வேண்டாம், இலைக்கு மட்டும் 350 ரூபாய். பெயர் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சந்தை நாளில் போகாதீர்கள், அன்று மகளைப் பிடிக்க முடியாது. அப்பாவும் பாட்டிலும்தான் இருப்பார்கள்.